ஷ்யாம் பிரகாஷைப் போல் ஒருவரைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

டெல்லி, ஆர்.கே. புரத்திலிருந்து ஓர் அம்மா:

2017 மே மாதம் வந்த ‘ஹிந்தி மீடியம்’ படத்தைப் பலரும் இர்ஃபான் கானுக்காகத்தான் பார்த்தோம். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது என் மனதில் நின்றவர் தீபக் டோப்ரியால். அவர் நடித்த ஷ்யாம் பிரகாஷைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜ் பத்ரா சாந்தினி சௌக்கில் துணிக்கடை வைத்திருப்பவர். அவரும் மனைவி மீத்தாவும் மகள் பியாவைப் பெரிய இங்கிலீஷ் பள்ளியில் சேர்ப்பதற்காகவே வசந்த் விஹாருக்குக் குடிபோகிறார்கள். நேர்முகத்துக்குப் பயிற்சி தர ஆள் வைத்தும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் பொய்ச் சான்றிதழ் கொடுத்து விண்ணப்பிக்கிறார்கள். பள்ளியிலிருந்து வீடு தேடி வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பாரத் நகர் என்ற குடிசைப் பகுதிக்குப் போய் ஏழைகளாக நடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஷ்யாம்.

தண்ணீர் வரிசையில் எப்படி நிற்பது, ரேஷன் எப்படி வாங்குவது என்று எல்லாவற்றையும் அவர்தான் சொல்லித் தருகிறார். தன்னோடு வேலைக்கும் கூட்டிப் போகிறார். பள்ளி கேட்ட பணம் ராஜிடம் இல்லை என்று நம்பி, ஓடும் கார் முன்னால் போய் விழுந்து அடிபட்டு, கிடைத்த காசைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் அங்கே அடங்கிவிட்டது. அப்புறம் குலுக்கலில் இடம் பியாவுக்குப் போகிறது. ஷ்யாமின் மகன் மோகனுக்குக் கிடைக்கவில்லை. நண்பனுக்காக அடிபட்ட மனிதரின் பிள்ளைக்குச் சேர வேண்டியதை அந்த நண்பனே எடுத்துக்கொள்கிறான். பள்ளிச் சேர்க்கையைப் பற்றிய படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இது சினேகிதத்தைப் பற்றிய படம்.

என் அனுபவம் இது. எங்கள் குடியிருப்பின் பின்வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு குடும்பம் இஸ்திரி போடுகிறது. உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் மகளும் என் மகளும் ஒரே பள்ளி, ஒரே செக்‌ஷன். அவள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். கட்டணம் இல்லைதான். ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாமே இங்கிலீஷில் வரும். எரிமலை மாதிரி செய்து வா, நாளைக்குள் பத்துப் படம் கலரில் பிரிண்ட் எடுத்து வா என்பார்கள். இரண்டு பெண்களும் இஸ்திரி மேசையின் ஓரத்தில் சார்ட் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். சார்ட் சுருண்டுகொண்டால் அவள் அம்மா, கரியைக் கொட்டி ஆறப்போட்ட பெட்டியை அதன் மூலையில் வைத்துவிட்டுப் போவார்.

ஒரு வருஷம் ஆண்டு விழா நடனத்துக்கு உடை வாடகை என்று 1,500 ரூபாய் கேட்டார்கள். அந்தச் சிறுமியை ஒத்திகையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அவள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010இல் கொண்டுவந்த விதிகளில், இந்த ஒதுக்கீட்டுப் பிள்ளைகளை வகுப்பறையில் பிரித்து வைக்கக் கூடாது, வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ வகுப்பு நடத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். படத்தின் கடைசியில் ராஜ் பள்ளி ஆண்டு விழா மேடையில் பேசி முடித்ததும் மண்டபமே அசையாமல் இருக்க, மீத்தா மட்டும் எழுந்து கை தட்டுவாளே, ஏறக்குறைய அந்த நிலைதான் எனக்கும். ஒரே ஒரு பஞ்சாபி அம்மா எழுந்து என் பக்கம் வந்து நின்றார். வகுப்பாசிரியை யோசித்துவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து எல்லோரும் சீருடை, தோளில் ஒரு துப்பட்டா, அது போதும் என்றார். சொன்னபடியே செய்தார்.

அந்தத் துப்பட்டாக்களை எல்லாம் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தது அந்த அம்மாதான். காசு வேண்டாம் என்றார். அது சரியில்லை என்று சொல்லி வாங்க வைத்தோம்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பழக்கம் உண்டா? எந்தப் பக்கத்திலிருந்து என்றாலும் எழுதுங்கள்.

டெல்லி, மயூர் விஹாரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை:

அரசு சலுகை விலையில் நிலம் கொடுத்த தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஏற்பாடு டெல்லியில் 2007லிருந்தே உண்டு. 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, 2012இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அதற்கெல்லாம் முன்பே நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆரம்பத்தில் பெற்றோர் கொதித்தார்கள். கெட்ட வார்த்தை பழகிவிடும், படிப்பு கெடும் என்றார்கள்.

எங்கள் பள்ளியில் பெயரின் அகரவரிசைப்படிதான் குழு பிரிப்போம். ஐந்தாம் வகுப்பில் பல்பு எரிய வைக்கும் பாடம். எலக்ட்ரீஷியன் மகன் ஒருவனும் டாக்டர் மகன் ஒருவனும் ஒரே குழுவில் விழுந்தார்கள். டாக்டர் மகன் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு வயரோடு போராடிக்கொண்டிருக்க, எலக்ட்ரீஷியன் மகன் அதை வாங்கிப் பல்லில் கடித்து ஒரே இழுப்பில் உறையை உரித்து, செம்புக் கம்பியை முறுக்கி பேட்டரியில் வைத்துவிட்டான். பல்லில் வைக்காதே என்று அதட்டினேன். அப்பா இப்படித்தான் செய்வார் என்றான். மறுநாள் டாக்டர் அம்மா போன் செய்தார், தன் மகன் வீட்டில் சார்ஜர் வயரைக் கடிக்கிறான் என்று. அதே டாக்டர் அம்மா அந்த வருஷக் கடைசியில் இவன் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மகன் பிறந்தநாளுக்கு இவன் வராமல் கேக் வெட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தானாம்.

இந்த அகரவரிசை விஷயம் பின்னால் ஒரு ஆராய்ச்சிக்கே உதவியிருக்கிறது. கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆய்வாளர் டெல்லிப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் தாராளமாகக் கொடுக்கிறார்கள், தொடர் ஓட்டத்துக்குக் குழு சேர்க்கும்போது பணக்கார ஏழை வித்தியாசம் குறைவாகப் பார்க்கிறார்கள், சேர்ந்து விளையாடத் தயங்குவதில்லை என்று கண்டார். பேரின் எழுத்தால் ஒரே குழுவில் விழுந்து, நேரில் பழகியதால் வந்த மாற்றம் இது என்றும் பிரித்துக் காட்டினார். படிப்பு பெரிதாக ஒன்றும் கெடவில்லை. கெட்ட வார்த்தை கொஞ்சம் கூடியது உண்மை என்றும் அதில் இருக்கிறது. எங்கள் வகுப்பிலும் கூடியது, அதட்டினோம், குறைந்தது.

ராஜ் பத்ராக்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் கிழிந்த சட்டையோடு சான்றிதழ்களைக் காட்ட வந்தார். காகிதங்களை எடுத்து வைத்தபோது மேசையில் கார் சாவியும் சேர்ந்து விழுந்தது. 2018 ஏப்ரலில் டெல்லி வணிகர் ஒருவர், குடிசைப் பகுதி முகவரி காட்டி மகனைச் சேர்த்ததாகக் கைதானார். பத்திரிகைகள் எல்லாம் இந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் அந்தச் செய்தியை எழுதின. படத்தில் ராஜ் தானே போய் பள்ளி முதல்வரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். என் பணிக்காலத்தில் அப்படித் தானாக வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

திருப்பூரிலிருந்து ஒரு அப்பா:

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன். பொண்ணுக்கு ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டுக் குலுக்கலில் இடம் கிடைத்தது. கட்டணம் இல்லை என்றார்கள், ஆனால் புத்தகம், சீருடை, வேன் என்று தனித்தனியாக ரசீது வந்தது. கடன் வாங்கித்தான் கட்டினேன். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும். 2025இல் மத்திய அரசின் நிதி வராமல் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் நின்று, அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ பேர் வேறு பள்ளியில் காசு கட்டிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்க முதலாளி பேத்தியும் என் பொண்ணும் ஒரே வகுப்பு. ரெண்டும் ஒட்டிக்கொண்டு திரியும். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் முதலாளி அங்கே உட்கார்ந்திருக்கிறார். கம்பெனியில் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது. கதவுக்கிட்டயே நின்றேன். பேத்தி ஓடிவந்து, “மாமா, இங்க உக்காருங்க, இது எங்க பெஞ்ச்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தாத்தா பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் பெஞ்ச். ரெண்டு பேருக்கும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. அவர் மெதுவாக, “கணக்குல என் பேத்தி சுமாருங்க, உங்க பொண்ணுதான் சொல்லிக் குடுக்குதாம்” என்றார்.

அதுக்காக எனக்குச் சம்பளம் ஏறவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கம்பெனியில் நான் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். ஆனால் பேத்தி எங்க வீட்டுக்கு வரும். லைன் வீடுதான். வந்தால் நேரா மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கோழிக்கூட்டுக்குத்தான் போகும்.

சீனாவில் வேலை பார்த்து வந்த ஒருவர்:

2018 ஏப்ரலில் இந்தப் படம் சீனாவில் வெளியானபோது நான் ஷென்ஜென்னில் இருந்தேன். அங்கே 200 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். கூட வேலை செய்த சீன நண்பர் பார்த்துவிட்டு, இது எங்க ஊர்க் கதை என்றார். நல்ல பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதற்காகவே சின்ன வீட்டைப் பெரிய விலைக்கு வாங்குகிறவர்கள் அவர்கள். இந்தியப் படத்தைப் பற்றி அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

டெல்லியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி:

நான் மோகன் பக்கத்து ஆள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தேன். அம்மா ஜங்புரா வீடுகளில் வேலை பார்த்தார். எங்கள் கேம்ப் பிள்ளைகள் பலரும் லோதி ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். எனக்கு மட்டும் ஒதுக்கீட்டில் ஒரு தனியார் பள்ளி கிடைத்தது.

படம் பிடிக்கும். ஆனால் ஷ்யாமிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உண்மை தெரிந்ததும் பொங்கி எழுந்து பள்ளி வரைக்கும் போகிறார், பியாவைப் பார்த்ததும் மனம் இளகித் திரும்பிவிடுகிறார். அவர் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம். மகனுக்குப் போன இடம் அது. மன்னிப்பதற்கென்றே ஏழையைப் படைத்தால் எனக்கு உடன்பாடில்லை. தீபக் டோப்ரியால் அந்த இடத்தில் முகத்தில் காட்டியதை வசனமாகவும் எழுதியிருக்க வேண்டும்.

சட்டம் இலவசம் என்று சொல்வது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதுக்குக் கட்டணம் கேட்டார்கள். அரசுப் பள்ளிக்கு மாறினேன். என் சினேகிதி அங்கேயே படித்தாள். படத்தில் பியாவை அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருகிற மாதிரி யாரும் வர மாட்டார்கள், வரச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அவள் செய்தது இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை, டியூஷன் நோட்ஸை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். பென்சிலால் எழுதியது மங்கலாகத் தெரிந்தால் பேனாவால் மேலே எழுதி மறுபடி அனுப்புவாள். நான் அரசியல் அறிவியலில் எழுதியதை அவளுக்கு அனுப்புவேன். அந்தப் பாடத்தில் எங்கள் அரசுப் பள்ளி டீச்சர் அவளுடைய டீச்சரைவிட நன்றாக நடத்தினார்.

2025 ஜூன் 1ஆம் தேதி கேம்ப்பை இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். எங்களுக்கு டெல்லியின் வடக்கு எல்லையில் இருக்கும் நரேலாவில் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைக்கவில்லை. இடிப்பதற்கு முன்னால் ரேஷன் கார்டு, மார்க் ஷீட், அப்பாவின் மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு சினேகிதி வீட்டில் வைத்தோம். அவள் அம்மா தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார். நீ மட்டும் இங்கேயே தங்கிப் படி என்றும் சொன்னார். என் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வேலை பார்த்த தெருவில் மகள் விருந்தாளியாக இருப்பது அம்மாவுக்கு ஒப்பவில்லை, எனக்கும் அது புரிந்தது.

நரேலாவுக்கு இன்னும் மெட்ரோ இல்லை. அம்மாவுக்குப் பழைய வேலைகள் எல்லாம் போய்விட்டன. போன மாதம் சினேகிதி பஸ் மாறி மாறி எங்களைப் பார்க்க வந்தாள். அம்மா மீன் குழம்பு வைத்தார். காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த தடவை அவள் அம்மாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நாங்கள்தான் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறோம், அந்த ஆன்ட்டி எங்கள் வீட்டுக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை.