எட்டாம் ஹென்றி மூடிய மடங்கள் பற்றி என்ன படிக்கலாம்?

நண்பர்களே, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி என்றாலே ஆறு மனைவிகள் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் மடங்களை மூடியதுதான். 1534இல் போப்பை ஒதுக்கிவிட்டுத் திருச்சபைக்குத் தானே தலைவர் ஆனார், சரி. அப்புறம் 1536க்கும் 1540க்கும் இடையில் சுமார் 800 மடங்கள் போயின, கூரையில் இருந்த ஈயத்தைக்கூடப் பெயர்த்து உருக்கினார்கள், நிலங்களில் பெரும்பகுதி வசதி உள்ளவர்கள் கைக்கு மாறியது. மடத்து வாசலில் சாப்பாடு வாங்கிய ஏழைகள் என்ன ஆனார்கள்? வடக்கே பல்லாயிரம் பேர் கிளர்ந்தெழ இதுவும் ஒரு காரணம், தலைவர் ராபர்ட் ஆஸ்கை 1537இல் யார்க்கில் கொன்றார்கள். சாமானியர் பக்கமிருந்து இதைச் சொல்லும் நூலோ கட்டுரையோ இருந்தால் சொல்லுங்கள். தமிழில் கிடைத்தால் ரொம்ப நல்லது, ஆங்கிலமானாலும் பரவாயில்லை, அரண்மனைக் கதை மட்டும் வேண்டாம்.