உள்ளூர் அஞ்சல் எல்லாம் ஒரே பயனருக்கு வர போஸ்ட்ஃபிக்ஸில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
டெபியன் 12 இயங்கும் அலுவலகச் சர்வர் ஒன்றை நான் கவனித்துக்கொள்கிறேன். அஞ்சலைக் கையாளப் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. சென்ற வாரம் தற்செயலாக ரூட்டின் (முழு உரிமையுள்ள தலைமைக் கணக்கின்) அஞ்சல்பெட்டியைத் திறந்தபோது, ரெய்டு தொகுப்பில் (ஒன்றாக இயங்கும் பல டிஸ்குகளில்) ஒரு டிஸ்க் பழுதாகிவிட்டது என்ற எச்சரிக்கை மூன்று வாரமாகப் படிப்பாரின்றிக் கிடந்ததைக் கண்டேன். குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் அனுப்பியவை வேறு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற வலைச்சர்வர் கணக்கில் குவிந்திருந்தன. நான் அன்றாடம் பார்ப்பது 'நிர்வாகி' என்ற கணக்கை மட்டுமே. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் லூசர்_ரிலே = நிர்வாகி என்று எழுதி ரீலோடு செய்தும் ரூட்டின் அஞ்சல் பழைய இடத்துக்கே போகிறது. எங்கே பிழை?

மறுமொழி 1:
லூசர்_ரிலே என்பது கணினியில் இல்லாத பெயர்களுக்கு வரும் அஞ்சலுக்கானது. ரூட்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவும் உண்மையிலேயே இருக்கும் கணக்குகள் என்பதால் அது அவற்றைத் தொடாது. உங்களுக்கு வேண்டியது, ஒரு பெயருக்கு வரும் அஞ்சலை இன்னொரு பெயருக்குத் திருப்பும் /இடிசி/அலியாசஸ் கோப்பு. அதில் இப்படி எழுதுங்கள்:

போஸ்ட்மாஸ்டர்: ரூட்
டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா: ரூட்
ரூட்: நிர்வாகி

எல்லாவற்றையும் முதலில் ரூட்டுக்குத் திருப்பி, ரூட்டை மட்டும் ஆளுக்குத் திருப்புவதே நல்லது. நாளை பொறுப்பு கைமாறினால் ஒரு வரியை மாற்றினால் போதும். சேமித்ததும் நியூஅலியாசஸ் கட்டளையை இயக்க மறக்காதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது நீங்கள் திருத்திய உரைக்கோப்பை அல்ல, அதிலிருந்து உருவாகும் தரவுக்கோப்பைத்தான்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. லூசர்_ரிலே வேலை செய்யவில்லை என்று தேடினால், லோக்கல்_ரிசிப்பியன்ட்_மேப்ஸ் (ஏற்கத்தக்க உள்ளூர்ப் பெறுநர்களின் பட்டியல்) அமைப்பை வெறுமையாக்கச் சொல்லும் ஆலோசனை கண்ணில் படும். வெளியிலிருந்து அஞ்சல் பெறும் சர்வரில் அதைச் செய்தால், எரிதஞ்சல் அனுப்புவோர் கற்பனை செய்யும் ஒவ்வொரு பெயருக்கும் கதவைத் திறந்துவிட்டு, அத்தனையையும் உங்கள் பெட்டியில் கொட்டச் சொன்னதாகிவிடும். இனெட்_இன்டர்ஃபேசஸ் மதிப்பு லூப்பேக்-ஒன்லி (அதே கணினியிலிருந்து வருவதை மட்டும் ஏற்பது) என்று இருந்தால் மட்டும் யோசிக்கலாம். முகவரிகளைத் திருப்பும் இன்னொரு அமைப்பான விர்ச்சுவல்_அலியாஸ்_மேப்ஸில் எல்லா முகவரிக்கும் பொருந்தும் ரெகெக்ஸ் (பொதுத் தேடல் வடிவம்) போடுவதையும் தவிருங்கள். அது வெளியே போக வேண்டிய அஞ்சலையும் உங்களிடமே திருப்பிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நியூஅலியாசஸ் இயக்கிய பின் ரூட்டுக்கு ஒரு சோதனை அஞ்சல் அனுப்பினேன். ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பதிவில் பெறுநராக நிர்வாகியும், ஒரிஜ்_டு (முதலில் எழுதிய பெறுநர்) என்ற இடத்தில் ரூட்டும், இறுதியில் ஸ்டேட்டஸ்=சென்ட் என்பதும் தெரிகின்றன. ஏற்கெனவே ரூட்டின் பெட்டியில் தேங்கியவையும் தாமாகவே இங்கு வந்துவிடுமா?

மறுமொழி 1:
வராது. அலியாஸ் இனி வரும் அஞ்சலுக்கு மட்டுமே பொருந்தும். பழையவற்றை ரூட்டாக இருந்து, மெயில் கட்டளைக்கு -எஃப் கொடுத்து /வார்/மெயில்/ரூட் கோப்பைத் திறந்து படித்துவிடுங்கள். அதற்கு முன் அந்த டிஸ்கை மாற்றிவிடுங்கள்.