900 வி.ஏ. இன்வெர்ட்டருக்கு 150 ஏ.ஹெச். ட்யூபுலரா, 100 ஏ.ஹெச். லித்தியமா?

தறிமேடை (கேள்வி)

வணக்கம். கும்பகோணத்தில் தரைத்தள வீடு, சிங்கிள் ஃபேஸ். மாதம் ஒருநாள் பராமரிப்பு ஷட்டவுன் உண்டு. காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2 ஆகும், சில மாதம் மாலை வரை இழுக்கும். மழைக்காலத்தில் அரை மணி, ஒரு மணி என்று அவ்வப்போது போய்வரும்.

இருப்பது 900 வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி. இரண்டுக்கும் 6 வயது. இன்வெர்ட்டரில் குறையில்லை. பேட்டரி இப்போது 40 நிமிடம்கூடத் தாங்குவதில்லை. அதில் ஓடுபவை: 3 சீலிங் ஃபேன் (பழைய வகை), 9 வாட் எல்.இ.டி. விளக்கு 5, 32 இஞ்ச் டிவி, வைஃபை ரவுட்டர்.

கடையில் 100 ஏ.ஹெச். லித்தியம் போடச் சொல்கிறார்கள். "இதே இன்வெர்ட்டரில் மாட்டிக்கலாம், தண்ணி ஊத்த வேண்டாம், 10 வருஷம் கவலை இல்லை" என்கிறார்கள். விலை ட்யூபுலரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான், 74 வயது.

100 எப்படி 150க்குச் சமமாகும்? பழைய இன்வெர்ட்டரில் மாட்டினால் பிரச்சினை வராதா?

---

மின்கம்பி

பேட்டரியைப் பிறகு பார்ப்போம், முதலில் லோடு கணக்கு. பழைய ஃபேன் ஒன்று முழு வேகத்தில் 75 வாட். மூன்றுக்கு 225. விளக்கு 45, டிவி 50, ரவுட்டர் 12. மொத்தம் 332 வாட். இன்வெர்ட்டரில் சுமார் 20 சதவீதம் வீணாகும் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து இழுப்பது 415 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 35 ஆம்பியர்.

150 ஏ.ஹெச். என்று ஒட்டியிருப்பது 20 மணி நேரக் கணக்கு. அதாவது 7.5 ஆம்பியராக இழுத்தால் 20 மணி நேரம் வரும். 35 ஆம்பியராக இழுத்தால் அதே பேட்டரி 110 ஏ.ஹெச். அளவுக்குத்தான் கொடுக்கும். ட்யூபுலரும் ஒரு லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரிதான், அதன் இயல்பே அதுதான், வேகமாக உறிஞ்சினால் மொத்தமே குறையும். ஆக, புதுப் பேட்டரியே அடிமட்டம்வரை 3 மணி 10 நிமிடம்தான். ஆயுளைக் காக்க 80 சதவீதத்தில் நிறுத்தினால் இரண்டரை மணி. உங்கள் 5 மணி நேர ஷட்டவுனுக்கு இது எட்டவே எட்டாது.

இப்போது மூன்று ஃபேனையும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும், பிரஷ் இல்லாத மோட்டார் வகை) ஆக்குங்கள், ஒன்றுக்கு 30 வாட். மொத்த லோடு 197 ஆகிவிடும். பேட்டரி இழுப்பு 20 ஆம்பியர் சொச்சம். அந்த வேகத்தில் அதே 150 ஏ.ஹெச். பேட்டரி 120 ஏ.ஹெச்.சுக்குச் சற்று மேலேயே கொடுக்கும். 80 சதவீதக் கணக்கில் 4 மணி 45 நிமிடம் வரும். லோடு குறைந்தது 40 சதவீதம்தான், ஓடும் நேரமோ இரட்டிப்பை நெருங்கிவிட்டது. பகல் ஷட்டவுனில் விளக்கு எரியாது, ஃபேனும் இரண்டுதான் சுற்றும் என்றால் மதியம் 2 மணியை எளிதாகத் தாண்டும்.

அதனால் என் வாதம் இதுதான்: லித்தியத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணத்தில் முதலில் ஃபேனை மாற்றுங்கள். கரண்ட் இருக்கும் நேரத்திலும் அது உங்கள் பில்லைக் குறைக்கும், பேட்டரி அதைச் செய்யாது.

பி.எல்.டி.சி. வாங்கும்போது ஒன்று கவனிக்கவும். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்க வேண்டும். அப்படியே விட்டால் ஃபேனின் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போகும். ரிமோட்டைத் தேட முடியாத பெரியவர்களுக்கு, சுவிட்சைப் போட்டு அணைத்தே வேகம் மாற்றும் மாடலோ, அதற்கென்றே சுவர் ரெகுலேட்டருடன் வரும் மாடலோ பார்த்து வாங்குங்கள்.

---

பச்சைமலை

மின்கம்பி சார் கணக்கோடு ஒத்துப்போகிறேன். 100க்கும் 150க்கும் உள்ள கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். என்றால் 1280 வாட் மணி. வேகமாக இழுத்தாலும் அளவு பெரிதாகக் குறையாது, 90 சதவீதம் வரை பயமின்றி எடுக்கலாம். இன்வெர்ட்டர் இழப்பு போகக் கைக்கு வருவது 920 வாட் மணி. 332 வாட்டுக்கு 2 மணி 45 நிமிடம், 197 வாட்டுக்கு 4 மணி 40 நிமிடம். மேலே உள்ள ட்யூபுலர் நேரத்தோடு ஒப்பிட்டால், உங்கள் லோடுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். கடைக்காரர் அந்த அளவில் பொய் சொல்லவில்லை.

"இதே இன்வெர்ட்டரில் மாட்டிக்கலாம்" என்பதுதான் இடிக்கிறது. 6 வருடப் பழைய இன்வெர்ட்டரின் சார்ஜர் லெட் ஆசிட்டுக்காக அமைத்தது. அதில் என்ன நடக்கும் என்றால்:

சில மாடல்கள் அவ்வப்போது வோல்ட்டேஜை 15க்கு மேல் ஏற்றி ஆசிட் பேட்டரியைக் கொதிக்கவைத்துச் சமப்படுத்தும். லித்தியத்தின் மேல்வரம்பு 14.6 வோல்ட். அதைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) தன்னைத் துண்டித்துக்கொள்ளும்.

அடிமட்டம் வரை இறங்கினாலும் பி.எம்.எஸ். துண்டிக்கும். அப்போது டெர்மினலில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் தெரியும். மெயின் கரண்ட் வந்தபிறகு, "பேட்டரியே இல்லை" என்று நினைத்துப் பழைய இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். வெளியிலிருந்து வேறு சார்ஜர் கொடுத்து எழுப்ப வேண்டியிருக்கும். 74 வயது அம்மா தனியாக இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.

முன்பக்கத்தில் இருக்கும் சார்ஜ் அளவு விளக்குகளும் ஏமாற்றும். லித்தியம் 20 சதவீதத்துக்கு வரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். இன்வெர்ட்டர் வோல்ட்டேஜை வைத்துத்தான் அளவு காட்டுகிறது, எனவே நான்கு விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும்.

பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் என்றும் கேளுங்கள். 100 ஏ.ஹெச். என்று விற்பதில் 50 ஆம்பியர் பி.எம்.எஸ். வைத்தவையும் உண்டு. 900 வி.ஏ. இன்வெர்ட்டரில் 700 வாட் ஏற்றினால் பேட்டரி பக்கம் 68 ஆம்பியர் ஓடும். யாராவது மிக்ஸியைத் தவறி அந்த லைனில் போட்டால் மொத்த வீடும் இருண்டுவிடும். 100 ஆம்பியர் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

லித்தியம் வேண்டுமென்றால் பேட்டரி வகை தேர்ந்தெடுக்கும் அமைப்பில் "லித்தியம்" உள்ள இன்வெர்ட்டரும் சேர்த்து வாங்க வேண்டும். செலவு அப்போது இன்னும் ஏறும்.

விளம்பரத்தில் வரும் "3000 சைக்கிள்" (ஒருமுறை இறங்கி மீண்டும் சார்ஜ் ஏறுவது ஒரு சைக்கிள்) கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். தினம் நான்கு மணி நேரம் கரண்ட் போகும் ஊருக்கு அது பெரிய விஷயம். உங்களுக்கு மாதம் ஒரு ஆழமான சைக்கிள், நடுவே சில சிறியவை. வருடத்துக்கு 30 என்று வைத்தால்கூட 3000ஐத் தீர்க்க 100 வருடம் ஆகும். உங்கள் பேட்டரியைத் தின்பது சைக்கிள் அல்ல, வயதும் வெயிலும்தான். லெட் ஆசிட்டுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. எப்போதும் முழு சார்ஜில் சூட்டில் நிற்கும் லித்தியமும் தேயத்தான் செய்யும். பேட்டரியை மேற்கு வெயில் விழும் மாடிப்படி அடியில் வைத்திருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள்.

---

வயர்பெட்டி

ரெண்டு பேரும் பேட்டரியைப் பத்தி நல்லா சொல்லிட்டாங்க. நான் வயரிங் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா பேட்டரி மாத்துற அன்னைக்குத்தான் இதைப் பார்க்க வாய்ப்பு கிடைக்கும்.

வீட்ல ஆர்.சி.சி.பி. இருக்கா? (கரண்ட் லீக் ஆனா தானா விழுற பாதுகாப்பு சுவிட்ச், சில பேர் ஈ.எல்.சி.பி.ன்னு சொல்வாங்க.) இருந்தா இன்வெர்ட்டருக்குப் போற இன்புட், ஆர்.சி.சி.பி.க்கு அப்புறம்தான் எடுத்திருக்கணும். முன்னாடி எடுத்துட்டு, ஃபேன், லைட்டோட நியூட்ரலை மட்டும் வீட்டு நியூட்ரல்ல சேர்த்திருந்தா போற கரண்டும் வர்ற கரண்டும் பொருந்தாது, சும்மா சும்மா விழும். இதுக்குப் பயந்து ஆர்.சி.சி.பி.யையே கழட்டிப் போட்ட வீடுகள் ஏராளம். அந்தத் தப்பைச் செய்யவே செய்யாதீங்க. சரியான வழி, இன்வெர்ட்டர் லோடுக்குத் தனி நியூட்ரல் இழுத்து, இன்வெர்ட்டர் அவுட்புட்ல இன்னொரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடறது.

இன்னொண்ணு. மெயின் ஆர்.சி.சி.பி. விழுந்தாலும் இன்வெர்ட்டர் ஃபேனை ஓட்டிக்கிட்டே இருக்கும். வீட்ல இருக்கறவங்க ஊருக்கே கரண்ட் இல்லைன்னு நினைச்சு உட்கார்ந்திருப்பாங்க. பேட்டரி தீர்ந்தப்புறம்தான் தெரியவரும். அதனால அம்மாகிட்ட ஒரு வார்த்தை: பக்கத்து வீட்ல கரண்ட் இருந்து நம்ம வீட்ல இன்வெர்ட்டர் விளக்கு எரிஞ்சா மெயின் போர்டைப் பார்க்கணும். ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தா ஒரு தடவை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தா விட்டுடணும், எங்கேயோ நிஜமாவே லீக் இருக்கு.

இன்வெர்ட்டர் ஃபேஸ், மெயின் ஃபேஸ் ரெண்டும் எந்த சுவிட்ச் போர்டுலயும் ஒட்டக்கூடாது. ஒட்டினா கரண்ட் வந்த நொடியில இன்வெர்ட்டர் போர்டு கருகிடும். புதுசா பாயின்ட் சேர்த்த போர்டைத் திறந்து பார்த்துக்குங்க.

பேட்டரி ஒயரைப் பத்தி யாரும் கவலைப்படறதில்லை. 12 வோல்ட்ல 35 ஆம்பியர் போகுது, முழு லோடுன்னா 70. இன்வெர்ட்டரோட வந்த தடிமனான ஒயரை ரெண்டு மீட்டர் நீளம் கூட்டி முறுக்கி டேப் சுத்தியிருந்தா அந்த இடமே சூடாகி வோல்ட்டேஜ் அங்கேயே போயிடும். பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு இன்வெர்ட்டர் சீக்கிரமே கத்தும். லோடு ஓடும்போது லக்கை (ஒயர் நுனியில பேட்டரியோட இறுக்கற உலோக முனை) விரலால தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டா இறுக்கம் பத்தலை.

கழட்டறப்போ: முதல்ல இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி மெயின் பிளக்கை உருவுங்க. நெகட்டிவை முதல்ல கழட்டி, கடைசியா மாட்டுங்க. பேட்டரி மேல ஸ்பேனரை வைக்காதீங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். பூஜை அறை பக்கத்துல வைக்கிற பழக்கத்தை விடச் சொல்றதும் அதுக்குத்தான்.

---

தறிமேடை

மூவருக்கும் நன்றி. ஃபேன் மூன்றையும் மாற்றிவிட்டு ட்யூபுலரே போடலாம் என்று படுகிறது. தண்ணீர் மட்டும்தான் தயக்கம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? ரவுட்டருக்குத் தனியாகச் சின்ன யு.பி.எஸ். தேவையா? 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி வந்தால் என்ன செய்வது?

---

பச்சைமலை

ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 50, 80 என்று காட்டும் அந்த உப்பு செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். நீர் மட்டும் ஆவியாகும், உப்பு சேர்ந்துகொண்டே போகும். பேட்டரிக்கென விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கி வைத்தால் நீண்ட நாள் வரும். ஆசிட் ஒருநாளும் ஊற்றக்கூடாது.

அம்மா செய்ய வேண்டியது எதுவுமில்லை. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், வெயில் காலத்தில் இரண்டு மாதம். ஆறு மூடியிலும் மிதவைக் குச்சி இருக்கும். பச்சைக் கோட்டில் நின்றால் சரி, சிவப்புக்கு இறங்கினால் ஊற்ற வேண்டும். முழு சார்ஜ் ஏறியபின் ஊற்றுவதே முறை. முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் வழிந்து தரையை அரிக்கும். தகடு தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவு முதலில் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, பிறகு மீதியை நிரப்புங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள், மூடித் துளைக்குள் ஒரு சொட்டும் போகாமல். காய்ந்தபின் இறுக்கி, அதற்கு மேல் வாசலின் தடவுங்கள். வாசலினைத் தடவிவிட்டு இறுக்காதீர்கள்.

வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் கடையில் கிடந்தது வேண்டாம். மீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. வாரண்டி "36+24" என்றால் முதல் 36 மாதம்தான் புதுப் பேட்டரி, பின் 24 மாதம் விலையில் கழிவு மட்டும். அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். பழையதை அதே கடையில் கொடுத்து அதன் விலையைக் கழித்துக்கொள்ளலாம். காயலான் கடைக்குப் போனால் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குவார்கள், அது உங்கள் தெருவின் நிலத்தடி நீரில்தான் சேரும்.

---

மின்கம்பி

ரவுட்டர் இன்வெர்ட்டரிலேயே இருக்கட்டும். கரண்ட் போகும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்ச் "நார்மல்" நிலையில் இருக்கலாம், "யு.பி.எஸ்." நிலைக்குத் தள்ளிப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் மட்டும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். அதில் எழுதியிருக்கும் 10,400 எம்.ஏ.ஹெச். 3.7 வோல்ட் கணக்கு. 12 வோல்ட்டாக மாறி வரும்போது, 10 வாட் ரவுட்டருக்கு 3 மணி நேரம் சொச்சம்தான். அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர், பிளஸ்-மைனஸ் படம் மூன்றும் பொருந்த வேண்டும்.

கஜா மாதிரி நாள்கணக்கில் போனால் லோடைச் சுருக்குவதுதான் வழி. ஒரு பி.எல்.டி.சி. ஃபேன், இரண்டு விளக்கு, 48 வாட். இன்வெர்ட்டர் தனக்கே எடுத்துக்கொள்ளும் 15 வாட்டையும் சேர்த்தால் 63. பேட்டரி பக்கம் 5 ஆம்பியர் சொச்சம். 20 சதவீதம் மிச்சம் வைத்தாலும் 22 மணி நேரம். இரவு மட்டும் 9 மணி நேரம் ஓட்டினால் இரண்டு இரவு தாண்டும். பகலில் இன்வெர்ட்டரை முன்பக்க பட்டனில் முழுக்க அணைத்துவிடுங்கள்.

அந்த 15 வாட் கரண்ட் இருக்கும்போதும் ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். உங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டி நின்றால் இது பெரிது. 500 தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுக்கான சலுகையில் ஒரு பகுதி போய்விடும்.

தரைத்தளம் என்றீர்கள். புதுப் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், தள்ளுவண்டித் தட்டில் தரையோடு வைப்பார்கள். தெருவில் தண்ணீர் ஏறும் இடமாக இருந்தால் மாட்ட வரும் அன்றே செங்கல் மேடை கட்டி ஒன்றரை அடி உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மேலே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற ஓரடி இடைவெளி வேண்டும், இன்வெர்ட்டரை அதற்கு நேர் மேலே மாட்ட வேண்டாம், பக்கவாட்டில் மாட்டுங்கள். ஆசிட் ஆவி ஏறி போர்டை அரிக்காமல் இருக்கும்.