எச்சமா, மீதியா, எஞ்சுரிமையா? கலைச்சொல் வேண்டுகோளும் மறுமொழிகளும்

குழுவினருக்கு வணக்கம். இளநிலை வணிகவியல் பாடநூலின் ஓர் இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். 2008 செப்டம்பர் 25 அன்று வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி மூடப்பட்டு 190 கோடி டாலருக்கு ஜேபி மார்கனுக்கு விற்கப்பட்டதையும், மறுநாளே அதன் தாய் நிறுவனம் திவால் மனு அளித்ததையும், ஏதேனும் தேறுமா என்று பங்குதாரர்கள் மூன்றரை ஆண்டு காத்திருந்ததையும் அது விளக்குகிறது. கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் தீர்த்த பிறகு மிஞ்சுவதில் பங்குதாரருக்குள்ள ‘ரெசிடுவல் கிளெய்ம்’ என்பதற்குச் சொல் தேவை. ‘எச்ச உரிமை’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மறுமொழி:
ஐயா, ஏன் ஒப்பவில்லை? அஞ்சு அச்சமானது போல, மிஞ்சு மிச்சமானது போல, எஞ்சு எச்சமாயிற்று. மூன்றும் ஒரே வாய்பாடு. ‘வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால் தீயெச்சம் போலத் தெறும்’ என்ற குறளில் எச்சம் என்பது முடிக்காமல் விட்ட குறை. தொல்காப்பியர் பத்து வகை எச்சம் சொல்கிறார். பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்கும் சொல்லை எதிர்பார்த்தே நிற்பவை. நீதிமன்றத் தீர்ப்பை எதிர்பார்த்து நிற்கும் பங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

மறுமொழி:
புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் இப்பாடத்தை நடத்துபவள். கரும்பலகையில் ‘எச்சம்’ என்று எழுதியதும் பின்வரிசை மாணவர்கள் காக்கையைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று அந்தக் கருத்தை மீண்டும் பிடிக்கவே முடியவில்லை. ‘மீதி உரிமை’ போதும். தொடக்கப் பள்ளியின் வகுத்தல் கணக்கிலிருந்தே மாணவர்களுக்கு மீதியைத் தெரியும்; மீதி சுழியாகவும் வரலாம் என்பதும் தெரியும். அந்தச் சுழிதான் இங்கே முக்கியம். 1926இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது, அதன் பங்கு மூலதனம் கணக்கிலிருந்து முழுவதுமாக நீக்கப்பட்டது. மீதி ஒன்றுமில்லை. அதைப் பெறும் உரிமையும் போயிற்றா என்ற கேள்வியோடுதான் பங்குதாரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். இவ்வேறுபாடு மாணவருக்குச் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

மறுமொழி:
‘எஞ்சுரிமை’ என்று ஆண்டால் என்ன? காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை. எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் என மூன்றும் அதில் அடங்கும். வாஷிங்டன் மியூச்சுவலின் பங்குதாரர்களுக்கு 2008இல் எஞ்சியது எது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. 2012 மார்ச்சில் தாய் நிறுவனம் திவாலிலிருந்து வெளிவந்தபோது அவர்கள் கைக்கு வந்தவை புதிய நிறுவனத்தின் பங்குகள். அதனிடம் இருந்ததோ அடமானக் கடன்களுக்கான சிறு மறுகாப்பீட்டு நிறுவனமும், பழைய நட்டத்தை வருங்கால வரியில் கழித்துக்கொள்ளும் வாய்ப்பும்தான். காலத்தை வெளிப்படையாகச் சொல்லாத தொடரே இந்நிலைக்கு ஏற்றது.

மறுமொழி:
எஞ்சுவது சொத்து, உரிமையன்று. ‘எஞ்சுரிமை’ என்றால் உரிமையே எஞ்சுவதாகப் பொருள்படாதா?

மறுமொழி:
படாது, அம்மா. உண்கலம் தானே உண்பதில்லை.

மறுமொழி:
அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் மாலை வரை வந்த மறுமொழிகளில் ‘மீதி உரிமை’க்கே ஆதரவு கூடுதல், பாடத்தில் அதையே ஆளுகிறேன். நூலின் இறுதியிலுள்ள சொற்பட்டியலில் ‘எஞ்சுரிமை’யையும் சேர்த்துள்ளேன். ‘எச்ச உரிமை’யை எடுத்துவிட்டேன்.

மறுமொழி:
அச்சுக்குப் போகட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் மாணவர்கள் சிரிப்பதற்காக இலக்கணத்தின் அடிப்படைச் சொல் ஒன்றைப் பாடநூலிலிருந்து விலக்குவதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது இதே இழையில் மீண்டும் கேட்பேன்.