நெக்ரோமன்சிக்குத் தமிழ்ச்சொல்: கற்பனை உலக நிலப்படத்துக்காக ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

மாண்டவரை எழுப்பும் வித்தை உழவும் நெசவும் போல அன்றாடத் தொழிலாக நடக்கும் ஒரு கற்பனை உலகத்துக்கு நிலப்படம் வரைந்துவரும் நம் குழும நண்பர், அதன் குறிவிளக்கத்தில் இடுவதற்கு ‘நெக்ரோமன்சி’க்கு ஈடான சொல்லைக் கேட்டிருந்தார். இதுவரை ‘பிணவித்தை’, ‘ஆவியழைப்பு’, ‘உயிர்ப்பித்தல்’ ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. நிலப்படத்தில் இடப்படும் சொல் ஓர் இடத்தைச் சுட்டியாக வேண்டும். ஆகவே, அந்த வித்தை எங்கே நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

கிரேக்க மூலத்தில் இச்சொல்லுக்கு இறந்தவரிடம் குறி கேட்டல் என்பதே பொருள். உடலை எழுப்பி வேலை வாங்குதல் என்ற பொருள் அதில் இல்லை. குறி கேட்பதற்கென்று பேர்பெற்ற இடங்கள் பண்டைக் கிரேக்கருக்கு இருந்தன: வடமேற்குக் கிரேக்கத்தின் எபைரசில் அக்கெரோன் ஆற்றங்கரை, இத்தாலியில் அவெர்னசு ஏரிக்கரை, பெலொப்பொனீசின் தென்முனையில் தைனரோன் குகை, கருங்கடற்கரையில் ஹெராக்ளியா. கொரிந்து நகரை ஆண்ட பெரியாண்டர், நண்பர் ஒருவர் ஒப்படைத்த பொருள் எங்கிருக்கிறது என்று இறந்த தன் மனைவி மெலிசாவிடம் கேட்டுவர அக்கெரோனுக்கு ஆளனுப்பியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டசு எழுதுகிறார். தன்னோடு புதைத்த ஆடைகளை எரிக்காததால் அவை தனக்குப் பயன்படவில்லை, குளிரில் ஆடையின்றி இருக்கிறேன் என்று சொல்லி, அவள் விடையளிக்க மறுத்துவிடுகிறாள். புதைப்பதா எரிப்பதா என்ற வேறுபாடு அங்கேயே வந்துவிடுவதைக் கவனிக்க வேண்டுகிறேன். கீழே அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

தமிழ் விவிலியமும் இப்பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறது. உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் ‘செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன்’ என்றே வருகிறது. பிற்கால இலத்தீனில் சொல்லின் முற்பகுதி ‘கருமை’ என்று திரிந்ததால் அது மாயவித்தை முழுவதற்கும் பெயராயிற்று. பிணங்களைப் படையாக எழுப்பும் பொருளை இன்றைய மிகுபுனைவுக் (ஃபேன்டசி) கதைகளும் கணினி விளையாட்டுகளும் பரப்பின. ஆக, ஒரு சொல்லுக்குள் இரண்டு செயல்கள் உள்ளன. இரண்டும் நடக்கும் இடங்கள் வெவ்வேறு என்பதால், படத்தில் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன.

முன்வந்த சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஆவியழைப்பு’ உடலை விட்டுவிடுகிறது. ‘உயிர்ப்பித்தல்’ மயிலாப்பூரில் சம்பந்தர் பூம்பாவையை எழுப்பியதைப் போன்ற அருட்செயலுக்கு உரியது; உயிர் திரும்பாமல் உடல் மட்டும் ஏவலுக்கு எழுவதை அப்பெயரால் அழைத்தல் தகாது. ‘பிணவித்தை’யை மறுக்க எனக்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ என்பது திருமந்திரம். பெயர் போனபின் வருவதுதான் பிணம் என்ற பெயர். மாண்ட பாட்டனார் மறுநாளே வரப்பு வெட்ட எழுந்துவரும் ஊரில் அவருடைய பெயரை யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். அந்த உலகத்தார் தம் வாயால் சொல்லக்கூடிய சொல்தான் அவர்களுடைய நிலப்படத்தில் இருக்க வேண்டும்.

எனவே பொதுச்சொல்லாக ‘நீத்தார் கலை’ என்பதை முன்மொழிகிறேன். குறளில் நீத்தார் என்பது துறவியரைக் குறிக்கிறதே என்று சிலர் தடை எழுப்பக்கூடும். அதே நூலில் ‘உயிர்நீப்பர் மானம் வரின்’ என்றும் வருகிறது. ‘நீத்தார் கடன்’ இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆகவே மயக்கத்துக்கு இடமில்லை. குறி கேட்கும் செயலை ‘நீத்தார் குறி’ என்றால் குறிவிளக்கத்தில் அது ‘இறந்தோருக்கான அடையாளம்’ என்று படிக்கப்பட்டுவிடும் என்பதால், ‘குறிகேட்பு’ என்று முழுமையாகவே எழுதலாம். கிரேக்கரின் குறியிடங்கள் பலவும் ஆற்றையோ ஏரியையோ ஒட்டியிருந்ததால், அத்தகைய இடத்துக்கு ‘நீத்தார் துறை’ என்ற பெயர் பொருந்தும்.

எழுப்பும் இடத்துக்கு ‘எழுகாடு’ என்று வைக்கலாம். சுடுகாடு, இடுகாடு என்ற இரண்டும் வினைத்தொகைகள். அவற்றுக்கு அருகில் மூன்றாவதாக எழுகாடு என்று எழுதும்போது, விளக்கம் இல்லாமலே படிப்பவருக்குப் பொருள் விளங்கிவிடும். இம்முன்மொழிவில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இச்சொல்லைத்தான்.

அடுத்து, நண்பர் தம் படத்தில் அரசுகளின் எல்லைகளை முதலில் வரைந்திருக்கிறார். ஈமமுறை எல்லைகளை அவற்றுக்கு முன்னரே வரைய வேண்டும் என்பது என் கருத்து. சுடுகின்ற நாட்டில் எழுப்புவதற்கு உடல் இராது. புதைக்கின்ற நாட்டில் ஒவ்வொரு பழைய போர்க்களமும் ஆள்வளம். இதற்கான சொற்களை மணிமேகலை ஆயத்தமாகவே வைத்திருக்கிறது: ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’. எரித்தல், வெறுமனே இட்டுவிடுதல், தோண்டிய குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்துவைத்தல், தாழியில் கவித்தல் என்ற இந்த ஐந்தையும் ஐந்து நிறங்களாகக் குறிவிளக்கத்தில் வைத்தால் அந்த உலகின் பொருளியலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இவ்வரிகள் வரும் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையிலேயே, இறந்த மகனை எழுப்பித் தருமாறு கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். சக்கரவாளத்துத் (பௌத்தர் கூறும் உலகத் தொகுதியின்) தேவர் அனைவரும் வந்தும் அது இயலாது என்றே விடை கிடைக்கிறது. அந்நிகழ்வின் நினைவாக மேருவையும் ஏழு குன்றங்களையும் நான்கு பெருந்தீவுகளையும் ஈராயிரம் சிறுதீவுகளையும் தெய்வத் தச்சன் மயன் மண்ணீட்டில் (சுதைவேலையில்) வகுத்துக் காட்டியதுதான் சக்கரவாளக் கோட்டம். ஆக, புகாரின் சுடுகாட்டை ஒட்டி ஓர் உலகப்படமே எழுந்து நின்றதாகக் காப்பியம் சொல்கிறது. நண்பரின் உலகில் கோதமைக்கு வேறு விடை கிடைத்திருக்கும். அவ்வுலகின் மயன் எதை நடுவில் வைத்திருப்பான் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈமமுறைக்கு அடியில் மண்ணும் இருக்கிறது. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் அகழ்ந்த, கப்பலோடு புதைத்த கல்லறையில் பொன்னும் இரும்பும் கிடைத்தன. உடலோ அமில மணலில் கரைந்துபோயிருந்தது. டென்மார்க்கில் 1950இல் கரிச்சதுப்பிலிருந்து (பீட் நிலத்திலிருந்து) எடுத்த, ‘தொல்லுண்டு மனிதர்’ எனப்படும் பழங்கால உடலுக்குத் தோல் பதனிடப்பட்டது போல் நிலைத்து, முகவாயின் குறுமயிர்கூடத் தெரிகிறது. ஆனால் இத்தகைய சதுப்பில் எலும்பு சுண்ணாம்பை இழந்து மெலிந்துவிடும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் எலும்புக்கூடுகளே கிடைத்துள்ளன. எனவே ‘மணல் எழுகாடு’ வெறுமையானது, ‘சதுப்பு எழுகாடு’ முகம் தெரியும் ஆனால் சுமை தூக்காத ஆட்களைத் தருவது, ‘தாழி எழுகாடு’ உழைப்புக்கு ஏற்றது என்று அடைமொழியிட்டுப் பிரிக்கலாம்.

எழுந்தவரைக் குறிக்கும் சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ‘உயிர்த்தெழுந்தோர்’ கிறித்தவ வழக்கில் கிறித்துவுக்கும் மறுமைக்கும் உரியதாகையால் அதைத் தவிர்க்க வேண்டும். ‘எழுநர்’ எனக்கு ஏற்புடையது. எழுப்புபவரை ‘எழுப்புநர்’ என்று கொண்டால், சிறிய எழுத்தில் அச்சிடும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றக்கூடுமோ என்ற ஐயம் இருக்கிறது. இது பற்றி அச்சுத்துறை அறிந்த உறுப்பினர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.