பழைய எம்எக்ஸ்-5 காரின் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்களை மாற்றுவது குறித்து

கேள்வி (குளச்சல்):
என்னிடம் 1990ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 உள்ளது. மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது பின்பக்கம் ‘டொக்’கென ஒலிக்கிறது, வளைவுகளில் பின்பகுதி தனியே நழுவுவது போலத் தோன்றுகிறது. சக்கரத்தை வண்டியுடன் இணைக்கும் ஆர்ம்களின் முனைகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றன. மீண்டும் ரப்பரே போடலாமா, ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருளான பாலியூரித்தேனுக்கு மாறலாமா?

பதில் (நாகர்கோவில்):
அன்றாடம் ஓட்டும் வண்டியென்றால் ரப்பரையே பரிந்துரைப்பேன். பாலியூரித்தேன் இறுக்கமானது என்றாலும் சாலையின் அதிர்வைக் கூடுதலாக உள்ளே கடத்தும், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். உண்மையான சிக்கல் போல்ட்டுகளில்தான். கீழ் ஆர்மை நக்கிளுடன் (சக்கரம் பொருந்தும் பாகம்) இணைக்கும் நீண்ட போல்ட், உங்கள் ஊரின் உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கக்கூடும் என்பதால், சில நாட்களுக்கு முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வாருங்கள். கீழ் ஆர்மின் உள்முனையிலுள்ள, சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட்டுகளைக் கழற்றுமுன் அவற்றின் நிலையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் (தக்கலை):
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ரப்பர் புஷ், நடுக்குழாயுடன் ஒட்டப்பட்டு, தானே முறுகிக்கொடுத்தே இயங்குவது. ஆகவே சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுமையாக முறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் திருகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகே இறுதி முறுக்கு. பின்னர் நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களின் சரிபார்ப்பு) பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ரப்பரே போடுகிறேன். வேறெதையும் சோதிக்க வேண்டுமா?

பதில் (நாகர்கோவில்):
வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளை அசைத்துப் பாருங்கள். அந்த ஒலி அங்கிருந்தும் வரலாம்.