காலையில் மூன்றாம் மாடிக்கு மட்டும் தண்ணீர் சரியாக வரவில்லை: பிரஷர் பம்ப் வைக்கலாமா?

கேள்வி:
சென்னையில் 1980களில் கட்டிய அபார்ட்மென்ட். தரைத்தளமும் 3 மாடியும், மொத்தம் 8 வீடு. மொட்டை மாடியில் ஒரே கான்கிரீட் தொட்டி. அதிலிருந்து 1½ அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் தளத்தின் மேலேயே ஓடி, இரண்டு இடத்தில் கீழே இறங்குகிறது. போர் தண்ணீர், உப்பு அதிகம். காலை 6 முதல் 8 மணி வரை மூன்றாம் மாடி ஷவரில் சொட்டுதான். கீழ் வீடுகளில் புகார் இல்லை. தொட்டி காலியாகி மறுபடி நிரம்பினால் குழாய் வெறும் காற்றைத் துப்புகிறது. பாத்ரூமில் பிரஷர் பம்ப் வைக்கச் சொல்கிறார் பிளம்பர். வைக்கலாமா?

பதில் 1:
பொது லைனில் பம்ப் வேண்டவே வேண்டாம். அது பக்கத்து வீட்டுத் தண்ணீரை இழுக்கும், கூடவே காற்றையும் இழுக்கும்.

தொட்டி நீர்மட்டத்துக்கும் உங்கள் ஷவருக்கும் 3 மீட்டர்தான் உயரம் இருக்கும், அதாவது 0.3 பார் (அழுத்தத்தின் அலகு). தரைத்தளத்துக்கு 12 மீட்டர், 1.2 பார். மொட்டை மாடி பைப்பில் அடைப்பால் 2 மீட்டர் அழுத்தம் போனால் கீழே யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு போச்சு. காலையில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் திறக்கும்போதுதான் அந்த இழப்பு உச்சத்துக்குப் போகும். உப்பு படிந்து பைப்பின் உள்விட்டம் பாதியானால், வரத்து பாதியாகாது, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும்.

முதலில் அளந்து பாருங்கள். எல்லா வீட்டிலும் சொல்லி மதியம் குழாய்களை மூடிவிட்டு, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று குறியுங்கள். காலை 7 மணிக்கும் அதே குழாயில் அதே வாளி. இரண்டு நேரமும் மோசமென்றால் கோளாறு உங்கள் வீட்டுக் கிளையில். காலையில் மட்டும் மோசமென்றால் பொது லைனில்.

பதில் 2:
காற்று துப்புதுன்னா ஏர் பைப்பைப் பாருங்க. தொட்டி வால்வைத் தாண்டினதும் ஒரு பைப் நேரா மேலே போய், தொட்டியின் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேலே திறந்திருக்கணும். தளத்துக்கு வாட்டர்ப்ரூஃப் பண்ணும்போது அதை அறுத்து மூடி போட்டுட்டுப் போறது ரொம்ப சகஜம். லைன் எங்கேயாவது பீமைத் தாண்ட மேடா ஏறி இறங்குதா? அங்கேதான் காற்று நிக்கும். அங்கே யூனியன் (கழற்றி மாட்டுற இணைப்பு) இருந்தா லேசா தளர்த்துங்க, புஸ்ஸுன்னு காற்று போய் தண்ணி கசிஞ்சதும் இறுக்குங்க.

பழைய கேட் வால்வையும் நம்பாதீங்க. உள்ளே தண்ணியை அடைக்கிற தகடு, ஸ்பிண்டிலிலிருந்து (கைப்பிடித் தண்டு) கழன்று பாதி வழியில விழுந்து கிடக்கும். கைப்பிடி முழுசா திறந்த மாதிரியே சுத்தும்.

கேட்டவர்:
மதியம் 55 வினாடி. காலையில் 4 நிமிடம். ஏர் பைப்புக்கு மூடி போட்டிருக்கிறது.

பதில் 1:
அப்படியானால் உங்கள் வீட்டுப் பைப் நன்றாகத்தான் இருக்கிறது. மூடியை எடுத்து, வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டுங்கள். கேட் வால்வை எடுத்துவிட்டு ஃபுல் போர் பால் வால்வு (திறந்தால் பைப்பின் முழு அகலத்துக்கும் வழி விடுவது) போடுங்கள். தளத்தின் மேலுள்ள ஜிஐ முழுவதையும் 2 அங்குல யூபிவிசி பிளாஸ்டிக் பைப்பாக மாற்றுங்கள். செலவை 8 வீடும் பகிர வேண்டியதுதான், அது பொதுச் சொத்து.

மூன்றாம் மாடிக்கு மட்டும், தொட்டி வாயிலேயே டீ (மூன்று வாய் இணைப்பு) வைத்து 1 அங்குலத் தனி லைன் இறக்கினால் காலை நெரிசல் உங்களைத் தொடாது. இதற்காகத் தொட்டியில் புதிதாகத் துளை போட வேண்டாம், பழைய கான்கிரீட் கசிய ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். தொட்டி கழுவும் நாளில் உள்ளேயிருந்து நிப்பிள் (தொட்டியிலிருந்து வெளியே வரும் குட்டைப் பைப்) வாயில் படிந்த உப்பைச் சுரண்டுங்கள்.

அதன் பிறகும் ஷவருக்குப் போதவில்லையென்றால், அந்தத் தனி லைனில், மொட்டை மாடியிலேயே பம்ப் வைக்கலாம். பக்கவாட்டில் நான் ரிட்டர்ன் வால்வோடு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) ஒரு பைபாஸ், அதாவது பம்பைச் சுற்றிப் போகும் பைப், அவசியம், கரண்ட் போனாலும் தண்ணீர் தானாக இறங்கும்.

பதில் 2:
வெயிலில் கிடக்கும் யூபிவிசி பைப்புக்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடிங்க, ஆயில் பெயின்ட் கூடாது. கீசர் பக்கம் யூபிவிசி ஆகாது, சூடு தாங்குற சிபிவிசி பைப்தான். ஜிஐயோடு சேர்ற இடத்தில் பித்தளை மரையுள்ள அடாப்டர் வாங்குங்க. பிளாஸ்டிக் மரை இறுக்கும்போதே விரிசல் விடும்.